சோதனை அறையில் இரண்டு ஓட்டக்காரிகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கடலூரில் மாநில அளவிலான தடகளப் போட்டி. பெண்கள் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் நானும் ஓடினேன். அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். தவழ ஆரம்பித்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டிருந்த பருவம்.

நான் பிறந்த ஊர் கம்மாபுரத்துக்குப் பக்கம். சிதம்பரத்தில் கல்லூரி படிக்கும்போது ஓட ஆரம்பித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டும் விட்டேன். கணவர் டூவீலர் மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "நீ ஓடறத நிறுத்த வேணாம், நான் ஸ்டாப்வாட்ச் புடிக்கிறேன்" என்று சொன்னவர். அப்படியே நடந்தும் கொண்டார். பிரசவத்துக்கு அப்புறம் டாக்டர் சரி என்று சொன்னதும், காலை நேரத்தில் கிள்ளை ரோட்டில் நான் ஓட, அவர் பைக்கை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார்.

முதலில் கொஞ்ச தூரத்துக்கே மூச்சு வாங்கியது. இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. பிறகு என்ன ஆனதோ தெரியவில்லை, உடம்பு லேசாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் ஓடியதைவிட வேகமாகவே ஓட வந்தது. ஸ்டாப்வாட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்து என் கணவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது மற்றவர்களுக்குச் சந்தேகமாக இருந்திருக்கிறது. அது அன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. மைதானத்தின் ஓரத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ பேசினார்கள். "புள்ள பெத்து ஒரு வருஷம்கூட ஆவல. ஊசி போடாம இந்த ஓட்டம் வருமா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கணவர் காதிலும் விழுந்துவிட்டது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடு மாமா. ஓடிட்டு வந்து பேசிக்கலாம்."

ஓட்டத்தில் எனக்குப் போட்டி கடலூர் துறைமுகத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கல்லூரி மாணவி. முந்தைய வருடங்களில் அவள்தான் முதல். அன்றும் முதல் சுற்றிலிருந்தே அவள்தான் முன்னால் போனாள். அவள் தோளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடி, கடைசிச் சுற்றின் வளைவில் தாண்டினேன். கோட்டைத் தொட்டபோது எனக்குப் பின்னால் அவள் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு நெருக்கம்.

முதல் இரண்டு இடம் வந்தவர்கள் தேசியப் போட்டிக்குப் போகலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்குத் தேசியப் போட்டியில் ஓடிய சான்றிதழ் வேண்டும். அதனால் அந்த வெற்றி எனக்குப் பெரிது. ஆனால் கைதட்டல் என்னவோ ஏனோதானோவென்றுதான் வந்தது.

புல்லில் மல்லாந்து படுத்திருந்தேன். நீல கோட் போட்ட ஒரு மேடம் பக்கத்தில் வந்து குனிந்தார். "வாழ்த்துகள்மா. உங்கள ஊக்கமருந்து சோதனைக்குத் தேர்வு பண்ணியிருக்கோம். சாம்பிள் குடுக்குற வரைக்கும் நான் உங்க கூடவேதான் இருப்பேன்" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். இன்னொரு நீல கோட், இரண்டாவதாக வந்த பெண்ணிடம் நின்றுகொண்டிருந்தார்.

சோதனைக் குழு வந்திருக்கிறது என்ற செய்தி அதற்குள் மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்து நடக்க வேண்டிய ஆண்கள் ஓட்டத்துக்கு மைக்கில் பெயர் கூப்பிடக் கூப்பிட, பாதிப் பேர் வரவில்லை. ஒருத்தருக்குத் திடீரென்று தொடைப்பிடிப்பாம். இன்னொருத்தரின் பை மட்டும் இருந்தது, ஆளைக் காணோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கிற நிலையில் நான் இல்லை. பார்க்கிறவர்களுக்கு, நீல கோட் மேடம் என்னைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரிதானே இருக்கும். "பாத்தியா, நான் சொல்லல?" என்று ஒரு குரல் கேட்டது.

சோதனை அறை காலரிக்குக் கீழே இருந்தது. வீரர்கள் உடை மாற்றும் அறைதான். ஒரு டாக்டர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பொறுமையான மனிதர். சாம்பிள் என்றால் சிறுநீர் என்பதையும், எவ்வளவு வேண்டும் என்பதையும் கோப்பையைக் காட்டி விளக்கினார். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. "வெளியில தெரியாதவங்க எது குடுத்தாலும் வாங்கிக் குடிக்காதீங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

சிறுநீர் கொடுப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். மேடமும் கூடவே வந்தார். கதவைச் சாத்திவிட்டு, பனியனை மார்புக்கு மேலே சுருட்டிக்கொள்ளவும், கால்சட்டையை முழங்கால் வரை இறக்கவும் சொன்னார். நான் திகைத்துப் போய் நின்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வேற யாரோட சாம்பிளையோ குழாய்ல ஒளிச்சு வச்சுக் குடுத்தவங்கல்லாம் இருக்காங்க. அதனால உடம்புலேர்ந்து வர்றத நான் கண்ணால பாக்கணும்" என்றார். அவர் முகத்திலும் கொஞ்சம் சங்கடம் தெரிந்தது.

பிரசவ அறையில்கூட நான் அப்படிக் கூசியதில்லை. உடம்பு பூட்டிக்கொண்டது. ஆடி வெயிலில் ஓடி, இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாய்ப் போய்விட்டது. ஒரு சொட்டுகூட வரவில்லை. திரும்பி வந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி உள்ளே போனேன். வரவில்லை. துறைமுகத்துப் பெண்ணுக்கும் அதே கதிதான். எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருவரும் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருந்தோம்.

வெளியே என் மகள் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை பசிக்கானது என்று எனக்குத் தெரியும். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. பனியன் நனைய ஆரம்பித்துவிட்டது. வாசலில் என் கணவர் காவலுக்கு நின்றவரிடம் சத்தம் போடுவது கேட்டது. "புள்ளைக்குப் பால் குடுக்கணும் சார். அவ என்ன கொலையா பண்ணிட்டா?"

டாக்டர் எழுந்து போய் அவரை அமைதிப்படுத்தினார். குழந்தைக்குப் பால் கொடுக்கத் தடை எதுவும் இல்லை, ஆனால் மேடத்தின் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அறை புழுக்கமாக இருந்ததால் வாசலுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடிக்குப் போனோம். சுற்றிலும் ஆட்கள். மேடம் தன் துப்பட்டாவை எடுத்து, இரண்டு கையாலும் விரித்துத் தன் முதுகுக்குப் பின்னால் திரை மாதிரி பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி நின்றார். சட்டப்படி அவர் கண் என் மேல் இருந்தாக வேண்டும். மற்ற கண்கள் என் மேல் படாமல் இருக்க அவராகச் செய்த ஏற்பாடு அது. கை வலித்திருக்கும். என் மகள் குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, மறுபக்கமும் குடிக்கும்வரை அப்படியே நின்றார்.

அறைக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் எனக்கு வந்துவிட்டது. வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு பதக்கம் வாங்கினவள் மாதிரி வெளியே வந்தேன். டாக்டர் அதில் சில சொட்டு எடுத்து ஒரு சின்னக் கருவியில் விட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்பத் தண்ணியா இருக்குமா. ஆய்வகத்துல இத வச்சு ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது. இன்னொரு தடவ குடுக்கணும். இனிமே தண்ணி ஜாஸ்தி குடிக்காம, கொஞ்ச நேரம் ஒக்காருங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்த உடம்பு. குழந்தை தூங்கவும் முடியாமல் சிணுங்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் வாசலுக்கு வந்து நின்று, "போதும், கிளம்பு. அதான் ஒரு தடவ குடுத்துட்ட இல்ல. மெடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார். நானும் எழுந்துவிட்டேன். செருப்பைத் தேடினேன்.

மேடம் என் கையைப் பிடிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "நீங்க போனா தடுக்குற உரிமை எனக்குக் கெடையாது. ஆனா போனீங்கன்னா சோதனைக்கு மறுத்துட்டீங்கன்னுதான் நாங்க எழுதணும். மருந்து போட்டுப் புடிபட்டவங்களுக்கு என்ன தண்டனையோ அதேதான். வருஷக்கணக்கா ஓட முடியாது" என்றார்.

அப்போதும் நான் வாசல் பக்கம்தான் நடந்தேன். அவ்வளவு வெறுத்துப் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் எதிர் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"போயிடாதக்கா."

திரும்பினேன். துறைமுகத்துப் பெண் எழுந்து நின்றிருந்தாள். அவள் அதற்குள் சாம்பிள் கொடுத்து முடித்திருந்தாள். வீட்டுக்குப் போயிருக்கலாம், ஆனால் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ இப்ப போனா, நான் சொன்னது நெசம்னு ஆயிடும்க்கா."

"நீ என்ன சொன்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீ ஊசி போட்டுக்கிட்டு ஓடுறன்னு. எங்க டீம்ல எல்லாருகிட்டயும் நான்தான் சொன்னேன்."

காலையில் முதுகுக்குப் பின்னால் கேட்ட பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துவிட்டது. கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது. என் கணவர் வாசலிலிருந்தே, "ஏம்மா, உனக்கு நாங்க என்ன பண்ணோம்?" என்றார்.

"அப்புறம் இப்ப ஏன் சொல்ற?" என்று கேட்டேன்.

"மரத்தடில நீ பால் குடுத்தத வாசல்லேர்ந்து பாத்தேன். ஊசி போட்டுக்குறவ அந்தப் பாலப் புள்ளைக்குக் குடுப்பாளா? எனக்கு அப்பதான் ஒறச்சுது."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் போகக்கூடாது என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. நான் ஓடிப்போய்விட்டால் அவள் இப்போது சொன்னதை யார் கேட்கப் போகிறார்கள்? காலையில் சொன்னதுதான் ஊர் முழுக்க நிற்கும்.

டாக்டர் அனுமதி கொடுக்க, என் கணவர் குழந்தையை உள்ளே கொண்டு வந்து விட்டுவிட்டு, சாப்பிட ஏதாவது வாங்கப் போனார். கோபமாகத்தான் போனார். திரும்பி வரும்போது பன்னும் வாழைப்பழமும் அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்திருந்தார்.

அதற்குள் என் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் தவழ்ந்து போய், அவளுடைய ஷூ கயிற்றைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். அவள் சட்டென்று குனிந்து தூக்கிக்கொண்டாள். குழந்தையும் அவள் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்திவிட்டது. ஒருத்தர் நம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது அவரோடு பேசாமல் இருப்பது கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தோம்.

அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஆனால் ஓட்டம் முடிந்தது என்று வீட்டிலும் சொன்னார்கள், பயிற்சியாளரும் சொன்னார். தனக்கு இதுதான் கடைசி வருடம் என்று நினைத்துத்தான் அவள் அன்று ஓட வந்திருக்கிறாள். "அந்த நேரத்துல, புள்ள பெத்தவ ஒருத்தி என்னைய விட வேகமா ஓடுறான்னா, அத எப்புடி நம்புறதுன்னு தெரியலக்கா" என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள். "நெசமாவே முடியுமாக்கா? அதுக்கப்புறமும்?"

முடியும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. தூக்கம் கெடுவது, இடுப்பு வலி, பால் கட்டிக்கொண்டு பாதி ஓட்டத்தில் வீட்டுக்குத் திரும்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். பைக்கில் பின்னால் வருகிற மனிதரைப் பற்றியும் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பேச்சு சுவாரசியத்தில் நான் சாம்பிளையே மறந்துவிட்டேன். மறந்ததாலோ என்னவோ, உடம்பு பூட்டைத் திறந்துவிட்டது.

இந்தத் தடவை டாக்டர் கருவியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சீல் உடைக்காத பெட்டிகளை வரிசையாக வைத்து, எனக்குப் பிடித்த ஒன்றை எடுக்கச் சொன்னார். உள்ளே இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். நானேதான் திறந்தேன், நானேதான் ஊற்றினேன், மூடியையும் நானேதான் திருகினேன். அவர்கள் யாரும் தொடவில்லை. மூடி ஒருமுறை இறுகினால் உடைத்துத்தான் எடுக்க முடியுமாம். முதல் பாட்டிலில் ஏதாவது தெரிந்து நான் இல்லை என்று சொன்னால், இரண்டாவது பாட்டிலை என் கண்ணெதிரிலேயே திறந்து மறுபடி பார்ப்பார்களாம். ஆய்வகத்துக்குப் போகிற தாளில் என் பெயர் இல்லை. எண் மட்டும்தான். யார் வீட்டுப் பெண், யாருக்கு வேண்டியவள், குழந்தை பெற்றவளா என்பதெல்லாம் அங்கே தெரியாது என்பது எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

கடைசியாக, சமீபத்தில் சாப்பிட்ட மருந்துகளைச் சொல்லச் சொன்னார் டாக்டர். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் எல்லாம் சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கி, அப்போதும் விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரசவ லேகியத்தையும் சொன்னேன். என் மாமியார் வீட்டிலேயே கிளறியது. டாக்டர் பேனாவை நிறுத்தினார். "அதுல என்னென்ன சேர்த்தாங்க?"

எனக்குப் பாதிதான் தெரியும். என் கணவர் சிதம்பரத்துக்குப் போன் போட்டார். மாமியாருக்கு எதற்குக் கேட்கிறோம் என்று புரியவில்லை. யாருக்கோ பிரசவம் என்று நினைத்துக்கொண்டு பக்குவத்தோடு சொல்ல ஆரம்பித்துவிட்டார். சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று ஸ்பீக்கரில் சத்தமாக ஓடியது. டாக்டர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். "சித்தரத்தைக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?" என்று அவர் மேடத்தைக் கேட்க, மேடம் உதட்டைப் பிதுக்க, மாமியார் போனில், "அதெல்லாம் இங்கிலீஷ் மருந்து இல்ல தம்பி, பயப்படாதீங்க" என்றார். அன்று முதல்முறையாக அந்த அறையில் எல்லோரும் சிரித்தோம்.

சிதம்பரம் திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஊசி போடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் லேகியத்துக்கு வாங்கிய சரக்கில் வேறு ஏதாவது கலந்திருந்தால்? நாட்டு மருந்து சாப்பிட்டுச் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் என் கணவரிடம் நீட்டிவிடுவேன். பல வாரம் அப்படியே போனது. ஒருநாள் என் பழைய கல்லூரிப் பயிற்சியாளர் கூப்பிட்டு, முடிவு வந்துவிட்டது, எதுவும் இல்லை, சுத்தம் என்றார். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியாரிடம் சொன்னபோது, "இதுக்குப் போயா இத்தன நாளு முழிச்சிக்கிட்டிருந்த?" என்றார்.

துறைமுகத்துப் பெண்ணின் முடிவும் அப்படியே வந்தது. அவள் தன் அணியில் ஒவ்வொருவரிடமும் போய், தான் சொன்னது தப்பு என்று சொன்னாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய தோழி சொல்லித்தான் தெரியும். இருவரும் சேர்ந்துதான் தேசியப் போட்டிக்குப் போனோம். பதக்கம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் வேண்டிய சான்றிதழ் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

போட்டி முடிந்து வந்ததும், தன் வீட்டில் வந்து பேச வேண்டும் என்று அவள் ஒரு உதவி கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் குழந்தையோடு பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனோம். நான் அவள் அம்மாவிடம் பேசினேன். என் கணவர் அவள் அப்பாவிடம் பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அவள் அப்பா, "படிப்பு முடியட்டும். ஓட வுடுற பையனாவே பாக்குறோம்" என்றார். அப்படியே பார்த்தார்கள். போன தையில் கல்யாணம் நடந்தது. கல்யாணமான அடுத்த மாதமே மறுபடி ஓட வந்துவிட்டாள். இப்போதும் சில ஞாயிறுகளில் சிதம்பரம் வந்து என்னோடு ஓடுகிறாள். பெரும்பாலும் அவள்தான் முந்துகிறாள்.

அதன் பிறகும் சில தடவை சோதனைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் கூச்சம் அவ்வளவாக இல்லை. நீல கோட்டைப் பார்த்தால், எனக்காகச் சாட்சி சொல்ல ஒருத்தர் வந்து நிற்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அந்த ஆடி ஞாயிறு எனக்குக் கொடுத்தது அது மட்டும் இல்லை. யாரைப் பற்றியாவது காதில் ஏதாவது விழுந்தால், அதை அடுத்தவரிடம் சொல்வதற்கு முன், அந்த ஆள் பக்கத்திலேயே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்றுதான் இன்றும் எனக்கு முதலில் தோன்றுகிறது.